உப்பு நீர் கண்ட கார்கள்

திருகோணமலையிலிருந்து புல்மோட்டைக்குப் போகும் வீதியில், நிலாவெளியையும் இறக்கக்கண்டியையும் கடந்து 30 கிலோமீற்றருக்குச் சற்று அப்பால் இருக்கும் கரையோர ஊர் குச்சவெளி. கிழக்கே வங்கக் கடல். மற்றப் பக்கங்களில் களப்பும் உப்பளமும் வயலும் பற்றைக்காடும். ஆண்டின் பெரும்பகுதி வெயில் எரிக்கும்; ஐப்பசி தொடங்கித் தை வரை வாடைக்காற்றோடு மாரி பொழியும். இரும்புக்கு இது பகையான இடம். வெள்ளம் வராத ஆண்டிலும் காற்றில் வரும் உப்பு கதவின் கீழ்விளிம்பிலும் தகட்டு மூட்டுகளிலும் படிந்து தன் வேலையைத் தொடங்கிவிடும். இந்தக் கரையில் நீர் புகுந்து, பின்னர் கவனிப்பாரற்று நின்ற பழைய மோட்டார்க் காரை மீட்டெடுப்பது தகுமா என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலமும் வெவ்வேறு விடை சொல்லியிருக்கிறது. அந்த விடைகளைக் கராஜ்கள் மட்டும் தீர்மானிக்கவில்லை. நாட்டின் இறக்குமதிக் கொள்கையும் போரும் கடலும் சேர்ந்தே தீர்மானித்தன.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பின் இலங்கைக்கு வந்த கார்களில் பெரும்பாலானவை பிரித்தானியத் தயாரிப்புகள். மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் ஒக்ஸ்போட், ஹில்மன், போட் பிறிபெக்ற், வோக்ஸோல் என்று அந்தப் பெயர்கள் நீளும். இடையிடையே பிரெஞ்சு நாட்டுப் பேஜோவும் ஜேர்மனியின் வொக்ஸ்வாகனும் வந்தன. திருகோணமலை அப்போது பிரித்தானியக் கடற்படைத் தளம். 1942 ஏப்ரல் 9-இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியதும், சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகள் உலகப் பெயர் பெற்றதும் அந்தத் தளத்தினால்தான். 1957-இல் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. கடற்படை போனாலும் கார்கள் இருந்தன. மருத்துவர், பாடசாலை அதிபர், கடைக்காரர் வீடுகளிலும், ஹயருக்கு ஓடுபவர்களிடமும் அவை தங்கின. பேருந்து எட்டாத ஊர்களில் கலியாணத்துக்கும் ஆசுபத்திரிக்கும் போவதற்கு ஹயர்க் காரே வழி.

அந்தக் கார்களின் வயதைச் சொல்ல எளிய அடையாளம் இலக்கத் தகடு. 1950-களின் நடுப்பகுதி வரை பதிவானவை ஆங்கில எழுத்துகளைத் தாங்கின. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து கட்டாயமானது. வடகிழக்கில் அதை எதிர்த்துத் தமிழரசுக் கட்சி இயக்கம் நடத்தியது. தமிழ் எழுத்தைப் பொறித்து வாகனம் ஓட்டியவர்கள் வழக்குகளைச் சந்தித்தார்கள். இன்று ஒரு பழைய காரை மதிப்பிட வருபவர் முதலில் குனிந்து பார்க்கும் அந்தத் தகட்டுக்குப் பின்னால் இப்படியொரு அரசியல் நினைவு இருக்கிறது. ஆங்கில எழுத்துத் தகடும் அதற்குரிய மூலப் பதிவுப் புத்தகமும் கையில் இருந்தால், துருப்பிடித்த காருக்குக்கூட ஒரு முகவரி உண்டு.

1960-களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியபோது கார் இறக்குமதி ஏறக்குறைய நின்றுபோனது. 1977-இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தவற்றையே ஓட்ட வேண்டியிருந்தது. திருத்தத் தகுமா என்ற கேள்வி அந்த ஆண்டுகளில் எழவே இல்லை. திருத்துவது ஒன்றே வழி. கராஜ்களில் ஒரு தலைமுறை மெக்கானிக்குகள் உருவானார்கள். தேய்ந்த புஷ்ஷைக் கடைசல் பட்டறையில் கடைந்து புதிதாய்ச் செய்தார்கள். கிழிந்த தகட்டை வெட்டி, வேறு தகட்டை அடித்து வளைத்து ஒட்டினார்கள். ஒரு மொடல் காரின் பாகத்தை இன்னொன்றுக்குப் பொருத்தினார்கள். இப்போது கிடைக்கும் பழைய காரில் எது மூலப் பாகம், எது அந்தக் காலத்து ஒட்டுவேலை என்று பிரித்தறிவது கடினம். ஆனாலும் அந்த ஒட்டுவேலையைக் குறையாகக் கணக்கிடுவது நியாயமில்லை. அதுவும் அந்தக் காரின் வரலாறே.

1977-க்குப் பின் ஜப்பானியக் கார்கள் குவிந்தன. தெற்கில் பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் மதிப்பிழந்தன. வடக்கில் நிலைமை வேறு. 1990-இல் போர் மறுபடி மூண்டபோது பெற்றோலும் பற்றரியும் உதிரிப்பாகங்களும் யாழ்ப்பாணத்துக்குள்ளும் வன்னிக்குள்ளும் போகத் தடை விதிக்கப்பட்டது. அங்கே கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினைக் கிளப்புவார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. சூடான எஞ்சினில் ஆகும். 1950-களின் எஞ்சின்களில் அமுக்க விகிதம் குறைவு என்பதால் மட்டமான எரிபொருளையும் அவை பொறுத்துக்கொண்டன. புதிய ஜப்பானிய எஞ்சின்கள் அவ்வளவு பொறுக்கவில்லை. நாற்பது வயதுக் கார்கள் மறுபடி மதிப்புப் பெற்றன. அதற்கு விலையும் இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஒயில் தொட்டிக்குள் இறங்கி, ஒயிலை நீர்க்கச் செய்து, பெயாரிங்குகளையும் சிலிண்டர்ச் சுவரையும் தேய்த்தது. வடக்கில் அந்தக் காலம் முழுவதும் ஓடிய ஒரு கார் இன்று கிழக்குக்கு விலைக்கு வந்தால், அதன் எஞ்சின் முழுதும் பிரித்துக் கட்ட வேண்டியது என்றே கணக்கில் எடுக்க வேண்டும்.

குச்சவெளி, திரியாய்ப் பக்கத்து மக்கள் 1980-களின் நடுப்பகுதியிலிருந்து பல தடவை இடம்பெயர்ந்தார்கள். வீட்டை விட்டு ஓடுகிறவர்கள் ஓடும் வாகனத்தை எடுத்துப் போவார்கள். ஓடாததை வளவிலேயே விட்டுப் போவார்கள். அப்படி நிற்கும் வாகனத்துக்கு ஆண்டுகள் செய்யும் சேதம் தனி வகை. ரயர்கள் காற்றிழந்து, கார் மண்ணோடு அமரும். அடித்தகட்டுக்கும் மண்ணுக்கும் இடையே ஈரம் காயாது. இலைச் சருகு நீர் வடியும் துளைகளை அடைக்கும். மொறிஸ் மைனர் 'டிறவலர்' போன்று பின்பக்கத்தில் மரச்சட்டம் கொண்ட கார் என்றால் கறையான் அதைத் தேடி வரும். அந்த மொடலில் மரச்சட்டம் வெறும் அலங்காரமில்லை, பின்பகுதியையே அதுதான் தாங்கி நிற்கிறது. 2009-இல் போர் முடிந்தபின் வடகிழக்கில் பழைய இரும்பு வியாபாரம் பெருகியது. நிறுத்துப் பார்த்து விற்கப்பட்டவற்றில் திருத்தக்கூடியவையும் போய்விட்டன என்பது வருத்தமான உண்மை. திரும்பி வந்தவர்களுக்குக் கூரையும் கிணறும் முதலில் தேவைப்பட்டன, கார் பிறகு.

நீருக்கு வருவோம். திருகோணமலைக் கரையைப் புயல்கள் அடிக்கடி தேடி வந்திருக்கின்றன. 1964 டிசம்பரில் இந்தப் பக்கம் தாக்கிய புயலே தனுஷ்கோடியை அழித்தது. 2000 டிசம்பர் 26-இல் இன்னொரு புயல் திருகோணமலையில் கரை ஏறியது. சரியாக நான்கு ஆண்டுகள் கழித்து, அதே நாளில், 2004-இல் ஆழிப்பேரலை வந்தது. மாவட்டத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 2011 ஜனவரி, பெப்ரவரியில் கிழக்கு மாகாணம் முழுவதும் வெள்ளத்தில் கிடந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டையே உலுக்கியது. இவற்றை ஒரே பட்டியலில் போடலாம். ஆனால் காருக்கு இவை ஒன்றல்ல. குளம் உடைத்தோ ஆறு பெருகியோ வரும் நன்னீர் சேற்றை விட்டுப் போகும். கடல் உப்பை விட்டுப் போகும்.

ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. அதிலுள்ள குளோரைட்டு இரும்பின் மேற்பரப்பில் நீரின் மின்கடத்துதிறனைக் கூட்டித் துருவை விரைவுபடுத்துகிறது. நீர் காய்ந்தபின்னும் உப்பு மிஞ்சி நின்று காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஆகவே காய்ந்துவிட்டது என்று தோன்றும் காரும் உள்ளே துருப்பிடித்துக்கொண்டிருக்கும். அலுமினியமும் இரும்பும் தொட்டு நிற்கும் இடங்களில் அரிப்பு இன்னும் மோசம். அலுமினியம் வெள்ளைப் பொடியாய்க் கரையும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். இரண்டு தகடுகள் ஒட்டிய மூட்டில் துரு புகுந்தால் தகடுகளைப் பிளந்து விரித்துவிடும்.

ஆகவே கடல்நீர் கண்ட காருக்குக் கழியும் நேரமே பெரிய எதிரி. முதல் சில நாட்களுக்குள் நன்னீரால் உள்ளும் புறமும் கழுவி, இருக்கைகளையும் விரிப்புகளையும் கழற்றி, கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடுகளுக்குள்ளும் நீரைப் பாய்ச்சி உப்பை வெளியேற்றினால் பெரும்பகுதி பிழைக்கும். சில வாரங்கள் போனால் மின்கம்பிகளும் பிறேக்கும் பெயாரிங்குகளும் போய்விடும். ஒரு மாரி கடந்தால் உடலும் போய்விடும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னான வாரங்களில் இந்தக் கரையில் எவருக்கும் கார் கழுவ நேரமிருக்கவில்லை. உறவுகளைத் தேடினார்கள், புதைத்தார்கள், முகாம்களில் இருந்தார்கள், கிணறுகளே உப்பாகியிருந்தன. திருத்தியிருக்கக்கூடிய பல வாகனங்கள் அந்த வாரங்களில்தான் இழக்கப்பட்டன. அதற்காக எவரையும் குறை சொல்ல முடியாது.

இத்தகைய காரைப் பார்வையிடுபவர் செய்யும் மிகப் பொதுவான பிழை, எஞ்சினிலிருந்து தொடங்குவது. எஞ்சின் சுற்றுகிறதா, கிளம்புமா என்று பார்ப்பதில் ஆவல் அதிகம். உண்மையில் எஞ்சினைத் திருத்துவது எளிது. அது கனமான வார்ப்பிரும்பு, ஒயில் தோய்ந்தது, உள்ளே மூடியிருப்பது. மெல்லிய தகடுதான் முதலில் சாகிறது. மொறிஸ் மைனர் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948-இல் அறிமுகமான கார். 1970-களின் தொடக்கம் வரை 16 லட்சத்துக்கு மேல் தயாரானது. அதற்குத் தனியான செசி இல்லை. உடல் தகடுகளே பாரத்தைத் தாங்குகின்றன. கதவுகளுக்குக் கீழேயுள்ள பெட்டித் தகடும், முன்னிருக்கைக்கு அடியில் குறுக்கே ஓடும் சட்டமும், பின் வில்லுகள் தொங்கும் இடமும் நல்ல நிலையில் இருந்தால் கார் வாழும். முன் சில்லுகளைத் தாங்கும் முறுக்குத் தண்டுகள் அந்தக் குறுக்குச் சட்டத்தில்தான் பிணைக்கப்பட்டிருக்கின்றன. அது உளுத்த காரை வீதியில் இறக்குவது உயிராபத்து. ஒஸ்ரின் ஏ-40 'டெவன்', 'சோமர்செற்' மொடல்கள் வேறு வகை. அவற்றுக்குக் கனமான தனிச் செசி உண்டு. உடலைக் கழற்றித் தூக்கி வைத்துவிட்டு இரண்டையும் தனித்தனியே திருத்தலாம். ஒரே வெள்ளத்தில் அருகருகே நின்ற இரண்டு கார்களில் மைனரைக் கைவிட்டு ஏ-40-ஐ மீட்பது சரியான முடிவாக இருக்கக்கூடும்.

சோதனைக்குப் பெரிய கருவிகள் வேண்டாம். சிறு சுத்தியலால் தகட்டோரமாய்த் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உளுத்தது மந்தமாய் ஒலிக்கும். கூரான திருப்புளி உள்ளே இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். காந்தம் ஒட்டாத இடத்தில் பெயின்ற்றுக்குக் கீழே பூச்சு மட்டுமே இருக்கிறது. பிறகு ஜக் போட்டு ஒரு பக்கத்தைத் தூக்கிக் கதவைத் திறந்து மூட வேண்டும். கதவு இறுகினால், அல்லது இடைவெளி மாறினால், உடல் தன் பலத்தை இழந்துவிட்டது. அத்தகைய காரில் தகடு வெட்டும் முன் உள்ளே சட்டங்கள் கொடுத்துத் தாங்காவிட்டால், வேலை முடிந்தபின் கதவு ஒருபோதும் பொருந்தாது.

எஞ்சினில் செய்யக்கூடாத ஒன்று உண்டு: நீர் புகுந்த காரை உடனே கிளப்பிப் பார்க்கக்கூடாது. நீர் அமுங்காது. சிலிண்டருக்குள் நீர் நிற்கும்போது பிஸ்டன் மேலே ஏறினால் இணைப்புத் தண்டு வளையும். ஸ்பாக் பிளக்குகளைக் கழற்றி, ஒயிலை வடித்து, சிலிண்டர்களுக்குள் டீசலும் ஒயிலும் விட்டு ஊறவைத்து, பிறகு முன்னால் கைப்பிடி போட்டு மெதுவாகச் சுற்ற வேண்டும். பழைய கார்களில் அந்தக் கைப்பிடிக்கு இடம் இருப்பது இங்கே உதவுகிறது. வடித்த ஒயில் பால் நிறமாக இருந்தால் நீர் கலந்திருக்கிறது. கியர்பொக்ஸையும் பின் அச்சையும் மறந்துவிடுவார்கள். ஓடிச் சூடான அச்சு திடீரென்று நீரில் குளிர்ந்தால், காற்றுத் துளை வழியே நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

மின்சாரப் பகுதியில் பழைய கார் புதியதைவிட அதிர்ஷ்டசாலி. இன்றைய காரில் கணினிப் பெட்டிகளுக்குள் உப்பு நீர் போனால் காப்புறுதி நிறுவனம் அதை முழு இழப்பென்றே எழுதும். மைனரில் இருப்பவை ஒரு டைனமோ, ஒரு கொயில், ஒரு விநியோகி, சில விளக்குகள். துணி சுற்றிய பழைய கம்பிகள் நீரைத் திரிபோல் மேலே இழுப்பதால் அவற்றை முழுதாக மாற்ற வேண்டும். அது ஒரு கிழமை வேலை, அவ்வளவுதான்.

பாகங்கள் கிடைக்குமா என்பதும் தீர்ப்பை மாற்றும். மைனரின் பிற்கால எஞ்சின் குடும்பத்தையே மினிக் காரும் பயன்படுத்தியது; 2000 வரை அந்த எஞ்சின் தயாரானதால் உள்பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. மொறிஸ் ஒக்ஸ்போட்டின் மூன்றாம் தொடரை வைத்தே இந்தியாவில் அம்பாசிடர் உருவானது. அது 2014 வரை உத்தர்பாராவில் தயாரானதால், ஒக்ஸ்போட் வைத்திருப்பவருக்குப் பாக்குநீரிணையின் மறுகரையிலேயே பாகங்கள் உண்டு. ஏ-40 சோமர்செற்றுக்கு அந்த வசதி இல்லை. செசி நல்லது, பாகம் அரிது என்பதே அதன் நிலை.

உடல் தகடுகளின் கதையில் இலங்கைக்கே ஓர் இடம் உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர், 1982-இல் எழுதிய நூலில், புதிய காரின் மதிப்பு ஆண்டுதோறும் கரைவதில் போகும் பணத்தைவிட, நன்றாகச் செய்யப்பட்ட பழைய காரை ஒழுங்காகப் பேணுவதில் போகும் பணம் குறைவு என்று வாதிட்டார். அவரும் இலங்கையரான தனபால சமரசேகரவும் சேர்ந்து 1991-இல் இங்கே ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, மைனரின் உடல் தகடுகளைச் செய்து பிரித்தானியாவுக்கு அனுப்பினார்கள். வெயர் கொள்கையாக எழுதியதை இலங்கையின் கராஜ்கள் 1960-களிலிருந்தே வேறு வழியின்றிச் செய்துகொண்டிருந்தன. தகடு அடிக்கும் அந்தக் கைத்திறன் மட்டும் இந்நாட்டில் இல்லாதிருந்தால், கடலோரத்தில் நின்ற மைனர் ஒன்றுகூடத் தப்பியிருக்காது.

மீட்பது என்றால் புதிதாக்குவது என்று பொருளில்லை என்ற எண்ணம் உலகில் வலுத்திருக்கிறது. பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு 2012-இல் ஏற்றுக்கொண்ட தூரின் சாசனம், இயன்ற அளவு குறைவாகக் கை வைத்து, மூலப் பொருளைக் காப்பதை முதன்மைப்படுத்துகிறது. 2014 பெப்ரவரியில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் கோர்வெற் அருங்காட்சியகத்தின் தரை உள்வாங்கி எட்டுக் கார்கள் குழிக்குள் விழுந்தபோது, மூன்றைத் திருத்தினார்கள். ஐந்தை நசுங்கியபடியே காட்சிக்கு வைத்தார்கள். இத்தாலிக்கும் சுவிற்சர்லாந்துக்கும் இடையே கிடக்கும் மாஜோரே ஏரியின் அடியில் 70 ஆண்டுகளுக்கு மேல் கிடந்த ஒரு புகாட்டி 2009-இல் தூக்கப்பட்டு, அடுத்த ஆண்டு ஏலத்தில் 2,60,500 யூரோவுக்குப் போனது. வாங்கிய அருங்காட்சியகம் அதைத் திருத்தாமல் அப்படியே வைத்தது. ஏரி நன்னீர் என்பதை மறக்கக்கூடாது. கடலில் கிடந்திருந்தால் வைக்க எதுவும் மிஞ்சியிருக்காது. அருங்காட்சியகத்தின் இந்தத் தெரிவு குச்சவெளியின் ஒரு வீட்டுக்காரருக்குப் பொருந்தாது. திருத்தாமல் வைத்தால் உப்புக் காற்று மிச்சத்தையும் தின்றுவிடும். இங்கே தெரிவுகள் இரண்டே: திருத்துவது, அல்லது பிரிப்பது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி வரை தடை நீடித்தபோது, பயன்படுத்திய வாகனங்களின் விலை எகிறியது. கொட்டில்களில் நின்ற பழைய கார்களையும் தேடி ஆட்கள் வந்தார்கள். விலை ஏறியதால் மட்டும் உளுத்த தகடு நல்லதாகிவிடாது. கடல்நீர் கண்ட மைனரின் குறுக்குச் சட்டமும் பெட்டித் தகடுகளும் போயிருந்தால், டிங்கர் வேலைக்கான செலவு வேறொரு நல்ல மைனரின் விலையைத் தாண்டும். அந்தக் கார் குடும்பத்தின் நினைவாகவோ அரிய மொடலாகவோ இருந்தாலன்றி, அதைத் திருத்தப் பணம் கொட்டுவது வீண். நன்னீர் மட்டும் கண்டு, செசியோ பாரம் தாங்கும் தகடோ உறுதியாய் நின்று, பத்திரங்களும் ஒழுங்காக இருக்கும் கார் எவ்வளவு அவலமாகத் தோன்றினாலும் மீட்கத் தக்கது.

பத்திரம் என்பதில் மூன்று விடயங்கள் ஒத்துப்போக வேண்டும்: பதிவுப் புத்தகத்தின் இலக்கங்கள், எஞ்சினில் பொறித்த இலக்கம், செசி இலக்கத் தகடு. இடப்பெயர்விலும் அலையிலும் பத்திரங்களை இழந்தவர்கள் இங்கே ஏராளம். மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் இருக்கும் பதிவோடு காரின் இலக்கங்கள் பொருந்தினால் மாற்றுப் பிரதிக்கு விண்ணப்பிக்க வழியுண்டு. செசி இலக்கத் தகடே துருவில் கரைந்திருந்தால், கார் ஓடத் தயாரானாலும் வீதிக்கு வர முடியாது. இதைத் திருத்த வேலை தொடங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

பிரிப்பது என்று முடிவானால், எஞ்சின், கியர்பொக்ஸ், பின் அச்சு, கண்ணாடிகள், மானிகள், பொனற், கதவுகள் வேறு கார்களுக்குப் போகலாம். ஒரு கார் இறந்து மூன்று கார்கள் ஓடுவது கிழக்கில் புதிதல்ல. பதிவை முறைப்படி நீக்க வேண்டும். ஒரு காரின் செசி இலக்கத்தை வெட்டி இன்னொன்றில் ஒட்டும் பழக்கம் சட்டப்படி குற்றம். அதனால் விற்பவரும் வாங்குபவரும் சிக்குவது ஒருபுறம். எந்தக் கார் எந்த ஆண்டில் எந்த ஊருக்கு வந்தது என்ற பதிவும் அதோடு பொய்யாகிவிடும்.